பருத்தியின் பங்காளி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசத் தொடங்கியதும் திருப்பூரின் தள்ளுவண்டிகளில் மாம்பழம் ஒதுங்கிக்கொள்ளும், பேரிக்காய் ஏறிவிடும். கொடைக்கானலில் பறித்தது பழனி, தாராபுரம் வழியாக வரும். நீலகிரியில் பறித்தது மேட்டுப்பாளையம், அவினாசி வழியாக வரும். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு பனியன் கம்பெனிகளிலிருந்து வெளியே வரும் கூட்டத்தை நம்பித்தான் அந்த வண்டிகள் நிற்கின்றன. கூறுகட்டி வைத்திருக்கும் காயைப் பார்த்து, "கனிஞ்சதா பாத்துக் குடுங்கண்ணா" என்பார் ஓர் அக்கா. "இது கனியாதுங்க்கா, கடிச்சுத்தான் தின்னோணும்" என்பார் வண்டிக்காரர். வாங்கிப்போனவர் அடுத்த வாரம் ஒரு குறையோடு வருவார்: "மண்ணைத் தின்ன மாதிரி பல்லுல நறநறங்குது."

வண்டிக்காரர் சொன்னது சரி. அந்த அக்கா சொன்ன குறையும் சரி. ஏன் நறநறக்கிறது, ஏன் கனிய மாட்டேன் என்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. தாவர செல்லைச் சுற்றியிருக்கும் சுவர்தான் அந்த இடம். திருப்பூருக்கு அது அந்நியமான சங்கதி அல்ல. இந்த ஊர் நூலாக்கி, பின்னி, வெளுத்து, சாயமேற்றி, தைத்து அனுப்புகிற பருத்தி முழுக்கத் தாவர செல்லின் சுவர்தான்.

பேரிக்காயில் நறநறக்கும் துகளுக்குக் கல் செல் என்று பெயர். பதினோராம் வகுப்புத் தாவரவியல் படித்தவர்களுக்கு 'ஸ்கிளிரைடு' என்ற சொல்லும், அதற்கு எடுத்துக்காட்டாகப் பேரிக்காயின் சதையும் நினைவில் இருக்கலாம். பேரிக்காய் பூத்துப் பிஞ்சு பிடித்த சில வாரங்களிலேயே சதைக்குள் சில செல்கள் மற்றவற்றின் வழியை விட்டு விலகுகின்றன. சுற்றியிருக்கும் செல்கள் சாறும் சர்க்கரையும் சேர்த்துக்கொண்டு உப்புகின்றன. இந்தச் செல்களோ தங்கள் சுவரின் உட்புறத்தில் அடுக்குமேல் அடுக்காகப் பூசிக்கொண்டே போகின்றன. உள்ளே இடம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் செல்லின் உயிர் போய்விடுகிறது. மிஞ்சுவது தடித்த சுவர் மட்டும். இப்படிச் செத்த செல்கள் பத்து, நூறு என்று கொத்தாகச் சேர்ந்தால் பல் அதை உணரும். காயின் நடுப்பகுதியைச் சுற்றியும் தோலை ஒட்டியும் இவை அதிகம். அதனால்தான் தோல் சீவி, நடுவையும் தாராளமாக வெட்டி எறிந்தால் நறநறப்பு பாதி குறைகிறது. மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை.

இப்போது பருத்திக்கு வருவோம். பருத்தி விதையின் மேல்தோலில் இருக்கும் ஒரு செல், பூ மலர்ந்த நாளை ஒட்டி வெளிப்பக்கமாக நீளத் தொடங்குகிறது. பிரிவதில்லை, ஒரே செல்லாகவே நீள்கிறது. 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை நீண்டபின் நீளுவதை நிறுத்திவிட்டு, உட்புறமாகச் சுவரைத் தடிக்க வைக்கிறது. காய் வெடித்ததும் செல் செத்து, காய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. ஒரு பஞ்சிழை என்பது இப்படிச் செத்த ஒரே ஒரு செல்லின் சுவர். அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன.

ஆக, பேரிக்காயின் கல் செல்லும் பருத்தியின் இழையும் செய்தது ஒரே வேலை. இரண்டும் சுவரைத் தடிக்க வைத்துவிட்டுச் செத்துப்போனவை. ஒன்று உருண்டையாக இருந்தது, மற்றொன்று நீண்டது. ஆனால் அதைவிட முக்கியமான வேறுபாடு சுவரில் பூசிய பொருளில் இருக்கிறது. பருத்தி ஏறக்குறைய சுத்தமான செல்லுலோசை மட்டுமே அடுக்கியது. பேரிக்காய் செல்லுலோசோடு லிக்னினையும் சேர்த்துக் குழைத்துப் பூசியது. மரத்தை மரமாக்கும் பசை லிக்னின்தான். பருத்தி உடம்பில் மெத்தென்று கிடப்பதற்கும் பேரிக்காய் பல்லில் இடறுவதற்கும் இடையே நிற்பது இந்த ஒரு பொருள். பேரிக்காய் தின்னும்போது நீங்கள் கொஞ்சம் மரமும் தின்கிறீர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் உண்டு. லிக்னினின் சிறு கூறுகளை ஒன்றோடொன்று இணைத்து இறுகச் செய்ய, செல் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. சலவைப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். பழுப்பாக வரும் துணியை வெள்ளை வெளேரென்று ஆக்கப் பட்டறைக்கு கேன் கேனாக வந்து இறங்குவது அதுதானே. பட்டறையில் நிறத்தை அழிக்கும் பெராக்சைடு, பேரிக்காய்க்குள் நொதியின் கைக்குப் போனதும் கொத்து வேலை பார்க்கிறது.

எல்லாப் பேரிக்காயிலும் கல் செல் ஒரே அளவில் இல்லை. காட்டுப் பேரியில் மிக அதிகம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் நறநறப்புக் குறைந்த மரங்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டுக்கட்டி வளர்த்ததால்தான் இன்று வெண்ணெய் போலக் கரையும் வகைகள் கிடைத்திருக்கின்றன. ஜப்பானில் 1888இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் குப்பை கொட்டும் இடத்தில் தானாக முளைத்திருந்த பேரிக்கன்றை எடுத்துப்போய் நட்டான். அதிலிருந்து வந்த 'நிஜிசெய்கி' என்ற வகை மெல்லிய தோலுக்கும் குறைந்த நறநறப்புக்கும் பேர்பெற்றது. சீன விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2013இல் ஆசியப் பேரியின் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, லிக்னின் உருவாக்கத்தில் பங்குள்ள மரபணுக்களைக் கல் செல்லோடு பொருத்திப் பார்ப்பதற்குத் தனி இடம் ஒதுக்கியது. ஒரு பழத்தின் நறநறப்பு வணிகத்துக்கு அவ்வளவு பெரிய தலைவலி.

பேரிக்காயின் பூர்வீகம் மேற்குச் சீனாவில் தியான்ஷான் மலையடிவாரம் என்று கருதுகிறார்கள். அங்கிருந்து ஒரு கிளை மேற்கே காக்கசஸ் தாண்டி ஐரோப்பா போனது. மற்றொரு கிளை கிழக்கே சீனா, கொரியா, ஜப்பான் போனது. பிரிந்து நெடுங்காலம் ஆனதால் இரண்டும் வேறு வேறு குணத்தோடு வளர்ந்தன. ஐரோப்பியப் பேரி கழுத்து நீண்டு, கனிந்தால் குழைந்து, மணம் கொட்டும். ஆசியப் பேரி பெரும்பாலும் உருண்டை. கனிந்தாலும் மொறுமொறுவென்றே இருக்கும். கடித்தால் சாறு வழியும். இன்று உலகில் விளையும் பேரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீனாவில் விளைகிறது.

இந்தியாவுக்குப் பேரி வந்த கதையை 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். கனிஷ்கர் காலத்தில் பிணையாக வந்திருந்த சீனர்கள் பஞ்சாபில் தங்கவைக்கப்பட்டதாகவும், பீச்சையும் பேரியையும் நட்டவர்கள் அவர்களே என்றும் அவர் கேட்டறிந்திருக்கிறார். அரசியல் பிணையாளி பழமரம் நட்டான் என்பது நம்பக் கொஞ்சம் அழகான கதைதான். ஆனால் அந்தப் பஞ்சாப் சமவெளியில், அமிர்தசரஸ், குருதாஸ்பூர் பக்கம், 'பத்தர்நாக்' என்ற கெட்டியான ஆசியப் பேரி இன்றும் தோட்டம் தோட்டமாக விளைகிறது.

நம் மலைகளுக்கு அது வந்தது வேறு வழியில். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் ஐரோப்பியக் காய்கனிகளை வளர்த்துப் பார்த்தார். கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறினார்கள். மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அங்கே ஏரியை அமைத்தார். வெயிலுக்குத் தப்பி மலையேறிய வெள்ளைக்காரர்களுக்கு ஊர் ஞாபகம். வீட்டைச் சுற்றி ரோஜாவும் பேரியும் பிளம்ஸும் வைத்துப் பார்த்தார்கள். ரோஜா சொன்னபடி கேட்டது. பேரி கேட்கவில்லை.

காரணம் குளிர். பேரி இலையுதிர் மரம். குளிர்காலத்தில் மொட்டுகள் உறங்கும். அவை எழுந்திருக்க வேண்டுமானால், பூஜ்யத்துக்கு மேல் ஏழு டிகிரிக்குள் குளிர் இத்தனை மணிநேரம் இருந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு மொட்டுக்குள் ஓடுகிறது. நல்ல ஐரோப்பிய வகைகளுக்கு ஆயிரம் மணிநேரம்கூடத் தேவைப்படும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரிதான் தள்ளி. மார்கழி, தை இரவுகளில் உறைபனி எட்டிப்பார்க்கும். பகலில் வெயில் வந்து கணக்கைக் கலைத்துவிடும். குளிர் போதாத மொட்டு அரைத்தூக்கத்தில் எழுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும், காய் பிடிக்காது. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் திருப்பூரில் பேரி விதையைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

தீர்வு அமெரிக்காவிலிருந்து வந்தது, அதுவும் தற்செயலாக. பிலடெல்பியா அருகே நாற்றுப்பண்ணை வைத்திருந்த பீட்டர் கீஃபர் என்பவரின் தோட்டத்தில் சீன மணற்பேரி மரம் ஒன்று நின்றது. பக்கத்தில் நின்ற ஐரோப்பியப் பேரியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். அதன் விதையில் முளைத்த கன்று இரண்டு குடும்பத்தின் சாயலோடும் காய்த்தது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்தக் காய் வைக்கப்பட்டு, கீஃபர் என்ற பெயரோடு உலகம் சுற்றப் புறப்பட்டது. தென்சீனத்து வெப்பத்தில் பழகிய தாயின் குணத்தால் அதற்குக் குளிர் குறைவாகப் போதும், நோயும் எளிதில் அண்டாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நிலைத்துப்போன வகைகளில் முக்கியமானது கீஃபர். நாட்டுப் பேரி என்று நாம் சொல்லும் கரடுமுரடான காயும் மணற்பேரி வழியில் வந்ததே. நம் வண்டியில் இருக்கும் காய் கனியாமல் அடம்பிடிப்பதற்கும் நறநறப்பதற்கும் அந்தச் சீனத் தாய்தான் பொறுப்பு. அந்தத் தாய் இல்லாவிட்டால் கொடைக்கானலில் பேரியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேரி விதை போட்டால் தாயைப் போலவே பிள்ளை வராது. அதனால் நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதன் குச்சியை வெட்டி வேறு வேரில் ஒட்டுக்கட்டியே பெருக்க வேண்டும். உலகில் உள்ள கீஃபர் மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் துண்டுகள். இப்படிப் பெருக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேரிப்பூ தன் மகரந்தத்தையும் தன் வகையின் மகரந்தத்தையும் பெரும்பாலும் ஏற்காது. தோட்டம் முழுக்க ஒரே வகை நின்றால் பூ கொட்டிப்போகும். இடையிடையே வேறு வகை மரம் வேண்டும், தேனீயும் வேண்டும். தேனீக்குப் பேரித்தேன் அவ்வளவு இஷ்டமில்லை, அதில் சர்க்கரை குறைவு. சீனத்தில் சிச்சுவான் மாநிலத்து ஹன்யுவான் பகுதியில், பூச்சிமருந்தால் தேனீ அருகிப்போனதும் நட்ட வகைக்கு வெளி மகரந்தம் கட்டாயம் தேவைப்பட்டதும் சேர்ந்து, மனிதர்களே மரமேறி இறகுத் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். பட்டனுக்குப் பட்டன், மடிப்புக்கு மடிப்பு கைவேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த வேலையின் அலுப்பு விளக்காமலே புரியும். கூலி ஏறியதும் அங்கே விவசாயிகள் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் புரியும்.

ஏன் கனிய மாட்டேன் என்கிறது என்ற இரண்டாம் கேள்விக்கு வருவோம். கடையில் ஸ்டிக்கர் ஒட்டி, வலைத்தொப்பி போட்டு அடுக்கியிருக்கும் வெளிநாட்டுப் பேரி எப்படிக் கனிகிறது? மரத்தில் கனியவிட்டால் கெட்டுப்போகும் விசித்திரப் பழம் ஐரோப்பியப் பேரி. அது உள்ளிருந்து வெளியே கனிகிறது. வெளியே தொட்டுப்பார்த்து மெத்தென்று இருக்கிறது என்று பறிக்கும்போது நடுப்பகுதி பழுத்து அழுகியிருக்கும். அதனால் முற்றிய காயாகவே கெட்டியாகப் பறித்து, பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வைக்கிறார்கள். சில வகைகளுக்கு அந்தக் குளிர்தான் கனிவதற்குத் தூண்டுகோல். குளிரில் இருந்து வெளியே வந்தபின் காய் எத்திலீன் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொண்டு, 20 டிகிரி வாக்கில் சில நாட்களில் குழைகிறது. கனிந்ததா என்று வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கூடாது. காம்பை ஒட்டிய கழுத்தை லேசாக அழுத்த வேண்டும். அது இளகினால் உள்ளே தயார்.

திருப்பூரில் இங்கேதான் காசு வீணாகிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஐரோப்பியப் பேரியின் கனிதல் தடம் புரள்கிறது. எத்திலீன் உருவாவது தடைபட்டு, தோல் மஞ்சளாகும், சதை ரப்பராகவே நிற்கும். சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்துக் காத்திருந்தவர்கள் பழத்தைக் குறை சொல்வது அதனால்தான். ஃப்ரிட்ஜில் வைத்து, தின்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் எடுத்து வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைப்பது மேல். நாட்டுப் பேரிக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். அது வண்டியில் ஏறும்போதே தின்னும் பதத்தில்தான் ஏறுகிறது. ஒரு கிலோ வெளிநாட்டுப் பேரியின் விலையைப் பார்த்துவிட்டு நாட்டுப் பேரியை மட்டமாக நினைப்பவர்கள், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள். வாழைப்பழம்போல் கனியவில்லை என்று வெள்ளரிக்காயை யாரும் திட்டுவதில்லை.

குழைவது என்றால் என்ன? ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். கனியும் காலத்தில் ஐரோப்பியப் பேரி சில நொதிகளைச் சுரந்து அந்தப் பெக்டின் சங்கிலிகளை வெட்டுகிறது. ஒட்டு விட்டதும் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன, நாக்கு அதை வெண்ணெய் என்று உணர்கிறது. செல்லுலோஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். போவது பசை மட்டும். மணற்பேரி வழியில் வந்தவற்றில் இந்த வெட்டும் நொதிகள் மந்தம், எத்திலீனும் குறைவு. பசை விடாது. அதனால் பல் கடிக்கும்போது செல்கள் பிரியாமல் உடைகின்றன, சாறு தெறிக்கிறது. மொறுமொறுப்பு என்பது விடாத பெக்டின்.

அதே பெக்டின் பருத்தி இழையின் மேலும் இருக்கிறது, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு. மெழுகோடு சேர்ந்து இழைக்கு வெளிப்பூச்சாக நிற்கிறது. பின்னி எடுத்த கோரா துணிமேல் ஒரு சொட்டு நீர் விட்டால் உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. நீர் இறங்காத துணியில் சாயமும் இறங்காது. அந்தப் பூச்சைக் கழற்றத்தான் காஸ்டிக் சோடாவைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேகவைப்பது தொன்றுதொட்டு வந்த முறை. மெழுகும் பெக்டினும் போகும். காரமும் கசடும் தண்ணீரோடு போகும். எங்கே போயிற்று என்பது நொய்யல் கரையில் எல்லோருக்கும் தெரியும். சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச்சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு ஊர் மாறியது. பயன்படுத்தும் உப்பும் காரமும் ஒவ்வொரு கிலோவும் திரும்பச் சுத்திகரிக்க வேண்டிய செலவாக மாறியபோது, பேரிக்காய் இயல்பாகவே செய்யும் வேலைக்கு மதிப்பு வந்தது.

பேசில்லஸ் வகை பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பெக்டின் வெட்டும் நொதியைப் போட்டால், 55, 60 டிகிரி வெப்பத்திலேயே பூச்சு கழன்றுவிடும். செல்லுலோசை அது தொடாது, அதனால் இழையின் பலம் குறையாது. பேரிக்குள் நடக்கும் கனிதலும் இதே இரசாயனம்தான்: பெக்டினை வெட்டு, செல்லுலோசை விடு. எல்லாத் துணிக்கும் இது காஸ்டிக்குக்கு மாற்றாகிவிடவில்லை. மெழுகை இழுக்க வேறு உதவி தேவை. விதைத்தூள் கறுப்புப் புள்ளிகளை நொதி அவ்வளவாகத் தொடாது. அந்தப் புள்ளிகளில் இருப்பது வேறென்ன, லிக்னின்தான்.

பனியன் வாங்கும்போது 'பயோ வாஷ்' என்று லேபிளில் பார்த்திருப்பீர்கள். அது இன்னொரு நொதி, செல்லுலேஸ். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பொடி இழைகளை மேய்ந்துவிட்டு மேற்பரப்பை வழவழப்பாக்கும். அதிக நேரம் விட்டால் துணியையே தின்னும். அதன் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மக்கி விழுந்தன. காரணம் தேடியபோது பிடிபட்ட பூஞ்சைகளில் ஒன்று, செல்லுலோசைக் கரைப்பதில் கைதேர்ந்ததாக இருந்தது. அந்த ஆய்வை நடத்திய எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசை என்று பின்னாளில் பெயர் வைத்தார்கள். கூடாரத்தை அழித்த குற்றவாளியின் வம்சம்தான் தொழிற்சாலைத் தொட்டிகளில் செல்லுலேஸ் சுரக்கிறது. கூடையில் ஒரு பேரிக்காய் அழுகும்போதும் நடப்பது இதன் மோசமான வடிவம். பூஞ்சை பெக்டினையும் செல்லுலோசையும் சேர்த்தே கரைக்கிறது, அதனால்தான் கனிந்த பழம் வடிவம் குலையாமல் நிற்க, அழுகிய பழம் ஒழுகுகிறது.

துணிக்கும் பேரிக்கும் இதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. பேரி மரத்தின் கட்டை நுண்மையான, சீரான கட்டை. அதன் நீர்க்குழாய்கள் மிகச் சிறியவை, ஆண்டு வளையம் முழுக்க ஒரே மாதிரி பரவி நிற்பவை. எந்தத் திசையில் செதுக்கினாலும் பிளவு ஓடாது, காய்ந்தபின் அதிகம் கோணாது. ஐரோப்பாவில் துணிக்கு அச்சிடும் கட்டைகளைப் பேரி மரத்தில் செதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் மோரிஸின் பூவேலைத் துணிகளும் சுவர்த்தாள்களும் பேரிக்கட்டைகளால் அச்சானவை. சீனாவில் புத்தகம் அச்சிடும் பலகைக்கும் பேரியும் இலந்தையும்தான். உதவாத புத்தகம் வந்தால், பேரிக்கும் இலந்தைக்கும் வந்த கேடு என்று அங்கே நக்கலடிப்பார்களாம். நம்மூரில் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் டிஜிட்டல் பிரிண்டிங்கும் வந்துவிட்டதால் எந்த மரத்துக்கும் அந்தக் கேடு இல்லை. பனியன்களில் அச்சாகும் சில வாசகங்களைப் பார்க்கும்போது அது நல்லதுக்கே என்று தோன்றுகிறது.

உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்காமல் எந்தப் பழத்தையும் நாம் விடுவதில்லை. நூறு கிராம் பேரியில் ஏறக்குறைய 84 கிராம் நீர், 57 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து. வைட்டமின் சி சொற்பம். அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. பேரியின் பலம் நார்ச்சத்து. அதுவும் மறுபடி செல்சுவர்தான்: பெக்டின், செல்லுலோஸ், கல் செல்லின் லிக்னின். பெக்டின் குடலில் கூழாகிச் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. செல்லுலோசும் லிக்னினும் செரிக்காமல் கடந்து மலத்தை இளக்குகின்றன. பல்லுக்குத் தொந்தரவான நறநறப்புக் குடலுக்கு வேலையாள். இதோடு பேரியில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் மற்றப் பழங்களைவிட அதிகம். சிறுகுடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை. பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கிறது. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கவும் எழுந்திருக்காமல் பீஸ் கணக்கைத் துரத்துகிறவர்களுக்கு மலச்சிக்கல் சகஜம். அவர்களுக்கு ஆடி, ஆவணியில் மலிவாகக் கிடைக்கும் மருந்து இது. ஆனால் வயிறு உப்புசம், குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கு அதே சார்பிட்டால் பகை. ஒரு காயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தோலோடு தின்பதுதான் நார்ச்சத்துக்கும் மற்ற நல்ல சேர்மங்களுக்கும் வழி. நறநறப்புத் தாங்காதவர்கள் சீவிக்கொள்ளலாம், கொஞ்சம் நட்டம்தான்.

வெட்டிவைத்த பேரி பழுப்பாவது கெட்டுப்போவதால் அல்ல. செல் உடைந்ததும் அதுவரை தனித்தனி அறையில் இருந்த பீனால் சேர்மங்களும் செம்பு அடங்கிய ஒரு நொதியும் காற்றோடு சந்திக்கின்றன. எலுமிச்சைச்சாறு அந்த நொதியை முடக்கும், உப்புத் தண்ணீரும் ஓரளவு தடுக்கும். வண்டிக்காரர்கள் கீற்றுப்போட்டு உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருவது ருசிக்காகத்தான், ஆனாலும் இந்தப் பலனும் கிடைத்துவிடுகிறது.

இனி வாங்கும் யோசனை. நாட்டுப் பேரியில் கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டாம். அழுத்தினால் வண்டிக்காரர் முறைப்பார், காயும் எதுவும் சொல்லாது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும், அது சாற்றின் கனம். தோலில் உள்ள சிறு புள்ளிகள் வெளிறிய பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தால் காய் முற்றியிருக்கிறது. அடிபட்ட இடம் இருந்தால் விட்டுவிடுங்கள். மலைப்பாதையில் சாக்குமூட்டையில் உருண்டு வந்த காய்க்கு வெளியே தெரியாத காயமும் இருக்கும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். வீட்டுக்குப் போய் ஒன்றை வெட்டி விதையைப் பாருங்கள். விதை கறுத்திருந்தால் மீதிக் காயையும் அப்படியே கடிக்கலாம். வெளுத்திருந்தால் பருவத்துக்கு முன்னால் பறித்த காய். எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு ஏறாது. அதைச் சன்னமாக அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் போட்டு நல்லெண்ணெயில் ஊறுகாய் தாளித்துவிடலாம். பெக்டின் விடாத காய் என்பதால் மாங்காயைப்போல் குழையாமல் ஒரு வாரம் கழித்தும் துண்டு துண்டாகவே நிற்கும்.